‘மனதார நம்புகிறேன்’ என்ற ஐந்தாவது வரி: ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு பொது நிறுவனத்தில் உறுதிமொழிப் படிவத்தின் ஒரு வரியை ஏற்க மறுத்த ஊழியர் மீது ஒழுங்கு நடவடிக்கை தொடங்கியது. அதை விசாரிக்க மூன்று பேர் குழு அமைத்தார்கள். வெளியிலிருந்து அழைக்கப்பட்ட உறுப்பினராக நான் அதில் இருந்தேன். பெயர், ஊர், நாடு எதுவும் இதில் வராது. ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய சில சிறு விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

கட்டடங்களின் உறுதியைச் சோதித்துப் பாதுகாப்புச் சான்று கொடுப்பது அந்த நிறுவனத்தின் வேலை. சட்டம் இயற்றி உருவாக்கப்பட்ட அமைப்பு அது; செலவுக்கு அரசு பணம் தருகிறது. உள்ளே நடப்பதெல்லாம் கம்பெனி பாணிதான்: காலாண்டு இலக்கு, மதிப்பெண், தரவரிசை. சான்றுக்காகக் காத்திருக்கும் விண்ணப்பங்கள் மலையாய்க் குவிந்திருந்த நேரத்தில், தனியார் துறையிலிருந்து ஒரு புதிய தலைவர் வந்தார்.

அவர் கொண்டுவந்த மாற்றம் எளிமையானது. ஒரு பிரிவுக் கட்டடங்களுக்கு ஆய்வாளர் நேரில் போக வேண்டாம். உரிமையாளர் அனுப்பும் படங்களையும் காணொளியையும் பார்த்தே சான்று தரலாம். சந்தேகம் எழுந்தால் பிரிவுத் தலைவரின் அனுமதியோடு நேரில் போகலாம். சட்டத்தில் இதற்கு இடம் இருந்தது. தலைவரின் நோக்கத்தில் குறை காண எதுவும் இல்லை. மாதக்கணக்கில் காத்திருந்த மக்களுக்கு ஒரு வழி வேண்டியிருந்தது.

இந்த மாற்றத்தை நடத்திக்கொடுக்க அமர்த்தப்பட்ட ஆலோசனை நிறுவனம், கூடவே ஓர் உறுதிமொழிப் படிவத்தையும் கொடுத்தது. அதில் ஐந்து வரிகள். லஞ்சமோ பரிசோ வாங்கமாட்டேன். கோப்பில் உள்ளதை வெளியே சொல்லமாட்டேன். உறவினர் கட்டடமாக இருந்தால் முன்கூட்டியே தெரிவிப்பேன். கெடுவுக்குள் வேலையை முடிப்பேன். இந்த நான்கும் யாரையும் உறுத்தவில்லை. ஐந்தாவது இப்படி இருந்தது: ‘நிறுவனத்தின் புதிய சான்று முறையே சரியானது என்று மனதார நம்புகிறேன்.’

முதல் நான்கு வரிகளும் இனி என்ன செய்வேன், என்ன செய்யமாட்டேன் என்று சொல்கின்றன. ஐந்தாவது மட்டும் இப்போது என் மனதுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லச் சொல்கிறது. வழக்கு முழுவதும் இந்த ஒரு வினைச்சொல்லில்தான் நின்றது.

நடந்தது

மறுத்தவர் கட்டமைப்புப் பொறியியல் படித்த மூத்த ஆய்வாளர். 19 ஆண்டுப் பணியில் அவர் மீது அதுவரை ஒரு மெமோகூட வந்ததில்லை. ஐந்தாவது வரியைப் பேனாவால் அடித்துவிட்டு, மேலே ‘நிறுவனம் வகுத்த சான்று முறையைக் கடைப்பிடிப்பேன்’ என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார்.

படிவம் திரும்பி வந்தது. புதுப் படிவத்திலும் அதையே செய்தார். அவரைவிட வயதில் இளையவரான பிரிவுத் தலைவர் கூப்பிட்டுப் பேசினார். அந்தப் பேச்சை இருவரும் குழுவிடம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சொன்னார்கள்.

“வெறும் கையெழுத்துதானே மேடம், போட்டுட்டு விடுங்க. உங்க மனசை யாரும் திறந்து பார்க்கப் போறதில்லை.”

“பார்க்கப் போறதில்லைன்னா எதுக்கு சார் எழுதி வாங்கறீங்க?”

மூன்றாவது வாரம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. அதில் இரண்டு குற்றச்சாட்டுகள். ஒன்று, மேலிட உத்தரவுக்குக் கீழ்ப்படியாமை. மற்றொன்று, ‘புதிய சான்று முறை குறித்துத் தொடர்ந்து எதிர்மறை எண்ணம் கொண்டிருத்தல்’. இரண்டாவதற்கு ஆதாரமாக ஒரு சொற்றொடரை மேற்கோளாகக் காட்டியிருந்தார்கள்: ‘படத்தில் விரிசலின் ஆழம் தெரியாது’.

அந்தச் சொற்றொடரை அவர் எந்தக் கூட்டத்திலும் சொன்னதில்லை, எந்தக் கோப்பிலும் எழுதியதில்லை. அதை எழுதியது ஒரே ஓர் இடத்தில்தான்: இரண்டு மாதம் முன்பு நிறுவனம் நடத்திய, ‘உங்கள் பெயர் யாருக்கும் தெரியாது’ என்று முகப்பிலேயே போட்டிருந்த கருத்துக்கணிப்பில். அவருடைய பதில் கடிதத்தில் இதைப் பற்றி ஒரே ஒரு கேள்வி இருந்தது. அந்தக் கேள்விக்குப் பிறகுதான் நிர்வாகம் குழு அமைத்தது. அவர் அதைக் கேட்காமல் விட்டிருந்தால் விவகாரம் முதல் குற்றச்சாட்டோடு முடிந்து, ஓர் ஊதிய உயர்வை நிறுத்தி ஃபைலை மூடியிருப்பார்கள் என்பது என் கணிப்பு.

விசாரணையில் கண்டவை

முதலில் அந்த வரியை யார் எழுதியது என்று தேடினோம். எழுதியவர் கிடைக்கவில்லை. ஆலோசனை நிறுவனத்தின் மாதிரிப் படிவத்தில் ‘நிறுவனத்தின் புதிய ———’ என்று கோடு போட்டு இடம் விட்டிருந்தது, மனிதவளப் பிரிவான எச்.ஆர். அதை நிரப்பியது, சட்டப் பிரிவு லஞ்சம் பற்றிய வரியை மட்டும் சரிபார்த்தது. வேறொரு நிறுவனத்தில் விற்பனைக் குழுவை உற்சாகப்படுத்த எழுதிய வாசகம், சான்று கொடுக்கும் பொறியாளர்களின் மேசைக்கு வந்துவிட்டது. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் கையெழுத்துப் போட மறுத்தது மட்டும் குற்றமாகிவிட்டது.

அடுத்து, கையெழுத்திட்ட 14 பேரிடம் தனித்தனியாகப் பேசினோம். பெரும்பாலோருக்கு ஐந்தாவது வரி நினைவிலேயே இல்லை. “படிச்சிருந்தாலும் போட்டிருப்பேன்” என்றார் ஒருவர். புதிய முறையை வெளிப்படையாகக் கேலி செய்துகொண்டிருந்த இருவரும் மறுபேச்சில்லாமல் கையெழுத்திட்டிருந்தார்கள். எங்களை அதிகம் யோசிக்க வைத்தவர் புதிய முறையை உண்மையாகவே ஆதரித்த ஓர் இளம் ஆய்வாளர். அவருக்கு மூத்தவர் மீது கோபம் இல்லை, நிறுவனத்தின் மீதுதான் கோபம். “நான் நிஜமாவே நம்பித்தான் போட்டேன். எல்லார்கிட்டயும் கட்டாயமா வாங்கினதுல என் கையெழுத்துக்கும் மதிப்பில்லாம போச்சு” என்றார். நம்பாதவரைத் துன்புறுத்துவது மட்டும்தான் பிரச்சினை என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தோம். அவர் சொன்ன பிறகு கேள்வியை மாற்றிக்கொண்டோம்: தன் முறையை ஊழியர்கள் எத்தனை பேர் நம்புகிறார்கள் என்று தலைவருக்கு உண்மையிலேயே தெரிய வேண்டுமென்றால், இந்தப் படிவத்திலிருந்து அவர் எதைத் தெரிந்துகொள்வார்? நூற்றுக்கு நூறு நம்பிக்கை என்று காட்டும் அந்தப் படிவக் கட்டுக்குள், மூத்தவர் அடித்துக் கொடுத்த படிவத்தில் மட்டும்தான் ஏதோ செய்தி இருந்தது.

கருத்துக்கணிப்பு விஷயம் இதைவிட மோசம். பதில் தராதவர்களுக்கு நினைவூட்டல் அனுப்புவதற்காக ஒவ்வொருவருக்கும் போன லிங்க்கில் ஒரு தனி எண் இருந்தது. பிரிவு, பணி ஆண்டு, வயது வரம்பு ஆகியவற்றையும் கேட்டிருந்தார்கள். மூத்தவர் இருந்த பிரிவில் ஆறே பேர். 15 ஆண்டுக்கு மேல் பணியாற்றியவர் அவர் ஒருவர்தான். லிங்க்கில் எண்ணே இல்லாவிட்டாலும் ஆளைக் கண்டுபிடிக்க அரை நிமிடம் போதும். ஐந்து பேருக்குக் குறைவான குழுவின் பதில்களைத் தனியே காட்டாமலிருப்பது இத்தகைய கணிப்புகளில் பரவலாக உள்ள வழக்கம்தான். இங்கேயும் அந்த வரம்பு இருந்தது. ஆனால் அது திரையில் தெரியும் வரைபடங்களுக்கு மட்டும்தான். மூலத் தரவு அப்படியே எச்.ஆர். கைக்குப் போயிருந்தது. பெயரே பதிவாகாத கணிப்பு வேறு, பெயர் பதிவானாலும் ரகசியம் காக்கப்படும் கணிப்பு வேறு. இரண்டாவதை நடத்திவிட்டு முதலாவது என்று ஊழியர்களிடம் சொல்லியிருந்தார்கள். பிறகு அந்த ரகசியத்தையும் காக்கவில்லை.

மூத்தவர் பக்கமும் ஒரு குறை இருந்தது. புதிய முறையில் வந்த ஆறு கட்டடங்களுக்கு அவர் விடுமுறை நாளில், பிரிவுத் தலைவரிடம் அனுமதி கேட்காமலே நேரில் போய்ப் பார்த்திருந்தார். அவற்றில் நான்கு கோப்புகள் கெடுவைத் தாண்டிவிட்டன. இரண்டு கட்டடங்களில் படத்தில் தெரியாத சிறு குறைகள் கிடைத்தன. மற்ற நான்கிலும் ஒன்றும் இல்லை. புதிய முறை சரியா தவறா என்பதை இந்த ஆறை வைத்து முடிவு செய்ய முடியாது. அது எங்கள் வேலையும் அல்ல.

சட்டம் என்ன சொல்கிறது

நிர்வாகத்தின் வழக்கறிஞர் நன்றாகத் தயாராகி வந்திருந்தார். அரசுப் பணியில் உறுதிமொழி கேட்பதே தவறு என்று யாரும் சொல்லவில்லை என்று தொடங்கி, அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1972இல் தீர்த்த ‘கோல் எதிர் ரிச்சர்ட்சன்’ வழக்கைக் காட்டினார். அரசு மருத்துவமனை ஒன்றில் ஆராய்ச்சிப் பணியில் இருந்தவர், அரசியல் சட்டத்தைக் காப்பேன், வன்முறையாலோ சட்டவிரோத வழியிலோ அரசைக் கவிழ்ப்பதை எதிர்ப்பேன் என்ற உறுதிமொழியை ஏற்க மறுத்தார். வேலை போனது. உறுதிமொழி செல்லும் என்றே நீதிமன்றம் சொன்னது.

வாதம் வலுவானது. ஆனால் தீர்ப்பை முழுதாகப் படித்தால் அது எங்கள் கேள்விக்கே உதவுகிறது. அந்த உறுதிமொழி செல்லுபடியானதற்குக் காரணம், அது அரசியல் சட்ட வழிமுறைகளுக்கு உட்பட்டு நடப்பேன் என்று நடத்தையைப் பற்றிக் கொடுக்கும் வாக்கு என்று நீதிமன்றம் பொருள்கொண்டதுதான். மூத்தவர் அடித்து எழுதிய ‘கடைப்பிடிப்பேன்’ அந்த வகை. நிர்வாகம் கேட்ட ‘நம்புகிறேன்’ அந்த வகையில் சேராது.

நடத்தைக்கும் நம்பிக்கைக்கும் நடுவிலான இந்தக் கோட்டை வெவ்வேறு நீதிமன்றங்கள் வெவ்வேறு இடங்களில் வரைந்திருக்கின்றன. பள்ளிப் பிள்ளைகளைக் கொடிவணக்கம் செய்யக் கட்டாயப்படுத்தலாம் என்று 1940இல் சொன்ன அமெரிக்க உச்ச நீதிமன்றம், 1943இல், உலகப் போர் உச்சத்தில் இருந்தபோதே, அதை மாற்றிக்கொண்டது. 1986இல் இந்திய உச்ச நீதிமன்றத்துக்குக் கேரளத்திலிருந்து வந்த வழக்கில், தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நின்ற, ஆனால் சமய நம்பிக்கையால் பாடாத மூன்று பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கியது செல்லாது என்று தீர்ப்பானது. எழுந்து நின்றது நடத்தை. அதற்கு மேல் கேட்க முடியாது. சான் மரினோ என்ற சிறிய ஐரோப்பிய நாட்டில் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் நற்செய்தி நூலின் மீது சத்தியம் செய்தால்தான் பதவி என்றபோது, ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1999இல் அதை உரிமை மீறல் என்றது. அந்த உறுப்பினர்கள் நாட்டுக்கு உண்மையாக இருப்போம் என்று சொல்லத் தயாராகத்தான் இருந்தார்கள்.

வழக்கறிஞர் விடவில்லை. இவையெல்லாம் மதம், மனசாட்சி பற்றியவை. சான்று முறை பற்றிய அபிப்பிராயம் மனசாட்சி ஆகுமா என்று கேட்டார். நியாயமான கேள்வி. பிரிட்டனில் 2009இல் ‘கிரெயிஞ்சர்’ வழக்கு வகுத்த அளவுகோல்படி, பணியிடத்தில் பாகுபாட்டிலிருந்து பாதுகாக்கப்படும் தத்துவ நம்பிக்கை என்றால் அது மனித வாழ்வின் கனமான ஒரு கூறைப் பற்றியதாக இருக்க வேண்டும். கையில் உள்ள தகவலை வைத்து எடுத்த கருத்து மட்டும் போதாது. ‘படத்தில் விரிசலின் ஆழம் தெரியாது’ என்பது அந்தப் படியில் ஏறாது. ஒரு தனியார் கம்பெனியில் இது நடந்திருந்தால், பல நாடுகளில் அவருக்கு ஒப்பந்தமும் தொழிலாளர் சட்டமும் தவிரப் பிடித்துக்கொள்ள வேறு கொம்பு இருந்திருக்காது.

இங்கே நடந்தது பொது அமைப்பில். அந்த நாடு, 1966இல் ஏற்கப்பட்டு 1976இல் நடைமுறைக்கு வந்த குடிமை, அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையில் சேர்ந்த நாடு. அதன் 18ஆம் பிரிவு சிந்தனை, மனசாட்சி, மத சுதந்திரத்தைச் சொல்கிறது. நம்பிக்கையை வெளிக்காட்டுவதற்குத்தான் அதில் கட்டுப்பாடு போடலாம், நம்பிக்கைக்கே போட முடியாது. நெருக்கடி நிலையிலும் அந்தப் பிரிவை நிறுத்திவைக்க முடியாது. 19ஆம் பிரிவின் முதல் வரி தலையீடில்லாமல் கருத்து வைத்திருக்கும் உரிமை. உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. மனித உரிமைக் குழு, தன் எண்ணத்தை வெளியிட யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்று 1993லும், எல்லா வகைக் கருத்துக்கும் பாதுகாப்பு உண்டு, கருத்தை வெளியிடாமலிருப்பதும் அதில் அடக்கம் என்று 2011லும் விளக்கியது. அந்த 2011 விளக்கத்தில் அரசியல், ஒழுக்கம், மதத்தோடு அறிவியல் கருத்தும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. விரிசல் பற்றிய பொறியாளரின் கருத்துக்கு அங்கே இடம் கிடைத்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

நான்கு பரிந்துரைகள் கொடுத்தோம். நோட்டீஸில் இருந்த இரண்டு குற்றச்சாட்டுகளையும் கைவிட வேண்டும். ஐந்தாவது வரியை ‘கடைப்பிடிப்பேன்’ என்று மாற்ற வேண்டும். அதுவும் அவருக்கு மட்டும் சலுகையாக இல்லாமல் எல்லோருக்குமாக. கருத்துக்கணிப்பின் மூலத் தரவை அழித்துவிட்டு, நடந்ததை ஊழியர்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். நான்காவதாக, மாறுபட்ட தொழில்நுட்பக் கருத்தை எழுதிவைக்க ஒரு பதிவேடு வேண்டும். எழுதியவருக்கு மேலிடம் குறித்த காலத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். இந்த யோசனை புதிதல்ல. அமெரிக்க வெளியுறவுத் துறையில் மாற்றுக்கருத்துக்கென்றே ஒரு வழி 1971 முதல் இருக்கிறது. கொள்கையை ஏற்காத அதிகாரி அதன் வழியாக எழுதலாம். எழுதிய பிறகும் கொள்கைப்படி நடக்க வேண்டும்.

அனுமதியில்லாமல் போன ஆறு ஆய்வுகளில்தான் குழு பிளந்தது. அந்த விவகாரத்தை எடுக்கவே கூடாது, நோட்டீஸிலேயே இல்லாததை நாம் ஏன் கிளற வேண்டும் என்றார் ஒரு உறுப்பினர். நானும் தலைமை தாங்கியவரும் வேறு விதமாக நினைத்தோம். நம்பிக்கையைக் கேட்கக் கூடாது, நடத்தையைக் கேட்கலாம் என்று பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, நடத்தையில் கண்ட குறையைக் கண்டும் காணாமல் விட்டால் எழுதியது நிற்காது. கடைசியில் தண்டனை இல்லை, எழுத்தில் அறிவுரை மட்டும் என்று முடிந்தது: சந்தேகம் இருந்தால் அனுமதி கேளுங்கள், மறுத்தால் அந்த மறுப்பைக் கோப்பில் பதியுங்கள். அறிவுரையைப் படித்த மூத்தவர், “இதுல சொல்லியிருக்கறது சரிதான்” என்று மட்டும் சொன்னார்.

பின்விளைவு

மூன்று பரிந்துரைகளை நிர்வாகம் உடனே ஏற்றது. தரவை அழிக்கும் விஷயம் மட்டும் ஐந்து மாதம் இழுத்தது. ஒப்பந்தப்படி தரவு ஆலோசனை நிறுவனத்திடமும் இருந்தது; எதை யார் அழிப்பது என்ற கடிதப் போக்குவரத்திலேயே காலம் போனது. அதே நிறுவனம் இதற்கிடையில் ஒரு புது முன்மொழிவை நீட்டியது: காணொளிக் கூட்டங்களில் முகபாவத்தை அளந்து ஊழியரின் ஈடுபாட்டை மதிப்பிடும் மென்பொருள். ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் தவிரப் பணியிடத்தில் உணர்ச்சியைக் கணிக்கும் இத்தகைய கருவிகளை 2025 பிப்ரவரி 2 முதல் தடை செய்திருக்கிறது. அந்தத் தடை இந்த நாட்டுக்குப் பொருந்தாது. ஆனாலும் அதைக் காட்டித்தான் சட்டப் பிரிவு முன்மொழிவைத் திருப்பி அனுப்பியது. இந்த முறை அவர்கள் முழுதாகப் படித்திருந்தார்கள்.

பதிவேட்டில் முதல் ஆறு மாதத்தில் இரண்டே குறிப்புகள். இரண்டும் மூத்தவர் எழுதியவை. ஒன்றுக்குப் பதில் வந்தது; மற்றொன்று கெடு தாண்டியும் கிடந்தது. மூன்றாவது குறிப்பை எழுதியவர் அந்த இளம் ஆய்வாளர். சில கட்டடங்களுக்குத் தேவையில்லாமல் நேரில் போகிறோம், படமுறையை இன்னும் விரிவாக்கலாம் என்று எழுதினார். எனக்குச் சிரிப்பு வந்தது, மகிழ்ச்சியும்தான். பழைய கட்டடங்களைப் படமுறையிலிருந்து விலக்கலாமா என்று ஒரு தொழில்நுட்பக் குழு இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறது.

எட்டாவது மாதம் மூத்தவரைப் பயிற்சிப் பிரிவுக்கு மாற்றினார்கள். உத்தரவில் ‘நிர்வாகக் காரணம்’ என்று மட்டும் இருந்தது. பழிவாங்கல் என்று காட்ட எந்த ஆதாரமும் இல்லை. இல்லை என்று காட்டவும் ஆதாரம் இல்லை. அவர் முறையிடவில்லை. புதிதாகச் சேருபவர்களுக்கு அவர் இப்போது விரிசல் பார்க்கக் கற்றுக்கொடுக்கிறார்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

எங்கள் முதல் தவறு, ஊழியர்களிடம் பேசியபோது முதல் நான்கு பேரின் நேர்காணலில் எச்.ஆர். அதிகாரி ஒருவரை அறையில் உட்கார விட்டது. குறிப்பெடுக்க ஆள் வேண்டும் என்றார்கள், சரி என்றோம். அந்த நான்கு பேரும் புதிய முறையைப் புகழ்ந்தார்கள். ஐந்தாவது ஆளிலிருந்து அவரை வெளியே இருக்கச் சொன்னபோது பேச்சே மாறிவிட்டது. நினைப்பதைச் சொல்லக் கட்டாயப்படுத்துவது பற்றி விசாரிக்கப் போன நாங்களே அந்த அறையை அப்படி அமைத்திருந்தோம்.

தரவை அழிக்கப் பரிந்துரைத்தபோது யார், எந்த நாளுக்குள், யாரிடம் உறுதிச் சான்று தர வேண்டும் என்று எழுதவில்லை. அந்த மூன்றும் இல்லாததால்தான் ஐந்து மாதம் போனது.

எனக்கு இன்னும் உறுத்துவது இடமாற்றம். மாறுபட்ட கருத்தைப் பதிந்தவரை, விசாரணை முடிந்து இரண்டு ஆண்டுக்குள் அவர் சம்மதமில்லாமல் மாற்றுவதானால், காரணத்தை எழுதி நிறுவனத்துக்கு வெளியே ஒருவரின் ஒப்புதல் வாங்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். வரைவில் அப்படி ஒன்று இருந்தது. அறிக்கை நீளமாகப் போகிறது என்று எடுத்துவிட்டோம். எடுக்கலாம் என்று சொன்னவன் நான்தான்.